மரப்பொடியப் புடிக்க நான் பட்ட பாடு

எங்கம்மாவோட வெத்தலப் பெட்டியிலதான் இது ஆரம்பிச்சுச்சு. பித்தளப் பெட்டி, வாரத்துக்கு ரெண்டு தடவ புளி போட்டு வெளக்கி பளபளன்னு வச்சிருக்கும். போன தை மாசம் ஒரு சாயங்காலம் நான் பட்டறைய விட்டு வெளில வர்றேன், அம்மா பெட்டி மூடி மேல வெரல வச்சு ஒரு இழு இழுத்து, அந்த வெரல அப்படியே என் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. மஞ்சளா, சலிச்ச மாவு மாதிரி ஒட்டியிருக்கு. "இதத்தான்டா நான் வெத்தலையோட சேத்து மென்னுக்கிட்டு இருக்கேன்"ன்னுச்சு. பட்டறைக்கும் அம்மா உக்காருற திண்ணைக்கும் நடுவுல முப்பதடி முத்தம் இருக்கு, ஒரு வேப்ப மரம் இருக்கு, பாதி செவுரு இருக்கு. அம்புட்டையும் தாண்டி வந்திருக்கு அந்தப் பொடி.

பட்டறைன்னதும் பெரிசா நெனச்சுராதீங்க. 10க்கு 12 அடி, 9 அடி ஒசரம், சிமெண்ட் ஷீட் போட்ட கொட்டகை. மேக்க வீட்டப் பாத்து கதவு, வடக்க ஒரு ஜன்னல் தெக்க ஒரு ஜன்னல். ஊரு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவுல, வடக்க நடந்தாலும் கடலு தெக்க நடந்தாலும் கடலு, வடகடல் சும்மா கெடந்தா தென்கடல் கெளம்பிரும், காத்துக்கு மட்டும் இங்க பஞ்சமே கெடையாது. வார நாள்ல வேற பொழப்பு, சனி ஞாயிறு மட்டும் மரவேல. ஸ்டூலு, நடைவண்டி, ஊஞ்சப் பலகை, சாமி ரூமுக்கு அலமாரி, கேக்குறவங்களுக்கு செஞ்சு குடுப்பேன். இருக்குற மிசினு, சர்குலர் சாவ, அதான் வட்ட ரம்ப மிசின, தலைகீழா மேசையில மாட்டுன ஒரு நாட்டு டேபிள் சா, உப்புத்தாள ஒட்டி மரத்த தேய்க்கிற 5 இஞ்ச் ஆர்பிட்டல் சாண்டர், ஓரம் செதுக்குற ட்ரிம்மர், வளைவா அறுக்குற ஜிக்சா. மார்பிள் கட்டர்ல மரப் ப்ளேடு போட்டு ஓட்டுன காலமும் உண்டு, வெரலு பத்தும் இன்னும் இருக்குறதே பெரிசு, அத விட்டாச்சு.

தூசிக்கு என் ஏற்பாடு என்னன்னா கதவு ஜன்னல் எல்லாத்தையும் தொறந்து வச்சிர்றது. கடக்காத்து அள்ளிக்கிட்டு போயிரும்னு ஒரு நெனப்பு. மூணு வருசம் அப்படித்தான் ஓடுச்சு. அள்ளிக்கிட்டு போறது உண்மதான், ஆனா எங்க கொண்டு போய் எறக்குதுன்னு நான் ஒரு நாளும் பாக்கல. வாடைக்காத்து வடக்கு ஜன்னல்ல நுழைஞ்சு, உள்ள ஒரு சுத்து சுத்தி, மேக்குக் கதவு வழியா நேரா திண்ணைக்குப் போயிருக்கு. போறதுக்கு முன்னாடி என் மூக்கு வழியாவும்தான்.

அன்னைக்கு ராத்திரி ஒரு வேல பாத்தேன், இத நீங்களும் ஒரு தடவ செஞ்சு பாருங்க. சாண்டர் ஓட்டி முடிச்சு அரை மணி நேரம் கழிச்சு, காத்துல கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல, சுத்தமா இருக்குன்னுதான் தோணுது. லைட்ட எல்லாம் அணைச்சுட்டு, மீன் புடிக்கப் போறவங்க நெத்தியில கட்டுற டார்ச்ச மேசை மேல படுக்க வச்சு, வெளிச்சத்துக்கு எதுத்தாப்புல நின்னு கொஞ்சம் சாஞ்சு பாத்தேன். அந்த வெளிச்சக் குழா முழுக்க பொகை மாதிரி நெளியுது. நான் மூச்சு விட்டா அது வெலகுது, மூச்ச இழுத்தா என்கிட்ட வருது. அதுக்கப்பறம் நாலு நா பட்டறைப் பக்கமே போகல.

இதுல நான் தப்பா நெனச்சுக்கிட்டு இருந்தது என்னன்னா, தரையில குமியிற தூளுதான் தூசின்னு. தரையில விழுந்தது விழுந்துருச்சு, அது கூட்டுனாப் போற சமாச்சாரம். மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு, தலைமுடி ஒண்ணு சுமாரா 70 மைக்ரான் தடிமன். 10 மைக்ரானுக்குக் கீழ போற பொடிதான் மெதக்குற ரகம், அதுலயும் ரொம்பப் பொடிசா இருக்குறது நெஞ்சுக்குள்ள அடி வரைக்கும் எறங்கும். 1 மைக்ரான் தூசி, காத்தே அசையாத ரூம்ல, ஒரு ஆள் ஒசரம் கீழ எறங்க அரை நாளுக்கு மேல ஆகும். காத்து அசையாத ரூமு இந்தக் கரையில எங்க இருக்கு? உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1995லயே மரத்தூள மனுசனுக்குக் கேன்சர் வர வைக்கிறதுன்னு உறுதியா சொல்ற முதல் வகுப்புல சேத்துருச்சு, சிகரெட்டு இருக்குற அதே பட்டியல். முக்கியமா மூக்குக்கு உள்ளயும் அத ஒட்டுன சைனஸ்லயும் வர்றது. வருசக்கணக்கா தெனமும் அதுலயே கெடக்குறவங்களுக்குத்தான் பயம் ஜாஸ்தி, சனி ஞாயிறு ஆளு நாளைக்கே படுத்துர மாட்டான், ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே தும்மல் வந்துருச்சுல்ல.

தும்மல்னா சாதாரணத் தும்மல் இல்ல, வாகைத் தும்மல். ஊஞ்சப் பலகைக்கு வாகை எடுத்திருந்தேன். சாண்டர வச்ச அஞ்சாவது நிமிசம் ஆரம்பிச்சது, கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, ராத்திரி வரைக்கும் நிக்கல. மறுநா கரையில படகு கட்டுற ஆசாரி ஒருத்தர்கிட்ட சொன்னா சிரிக்கிறாரு. "வாகைய இழைக்கிறப்ப நான் பொடி மட்டையே தொடுறதில்ல தம்பி, மரமே மூக்குப்பொடிதான்"ன்னாரு. சிரிச்சு முடிச்சதும் இருமுனாரு பாருங்க, ஒரு நிமிசம் நிக்கல. தேக்குப் பொடி சில பேருக்கு தோல்ல அரிப்பு குடுக்கும், எனக்கு முழங்கை மடிப்புல குடுக்குது. எம்டிஎஃப்னு மரநார அமுக்கி செய்ற பலகைன்னா அது மரமா பசையான்னே தெரியாத பொடி, ஃபார்மால்டிஹைட் பசை போட்டு அமுக்குனது, சாண்டர் வச்சா டால்கம் பவுடர் மாதிரி கெளம்பும். கைல இழைப்புளி ஓட்டுனா மட்டும் சுருள் சுருளா விழுமே தவிர காத்துல ஒண்ணும் ஏறாது. ஆக வில்லன் சாண்டர்தான், அதுக்கு அடுத்தது சா.

முதல் சுத்துல கையில இருந்த 20 லிட்டர் வேக்குவம் க்ளீனர சாண்டர்ல மாட்டுனேன். சாண்டர் வாயும் ஹோஸ் வாயும் ஒண்ணுக்கொண்ணு சேரல, அதுக்கு அடாப்டர்னு ஆன்லைன்ல ஒரு வெல சொல்றான், நான் பழைய சைக்கிள் ட்யூப்ல நாலு இஞ்ச் வெட்டி ரெண்டு பக்கமும் மாட்டி க்ளிப்பு போட்டேன், இன்னைக்கு வரைக்கும் அதான் ஓடுது, வளைஞ்சு வேற குடுக்குது. இன்னொண்ணு, சாண்டர்ல ஒட்டுற வட்ட உப்புத்தாள்ல எட்டு ஓட்ட இருக்கும், அது சாண்டரோட ஓட்டைக்கு நேரா வரணும். நான் மூணு வருசமா ஏனோதானோன்னு ஒட்டிக்கிட்டு இருந்தேன். ஓட்ட மறைஞ்சுட்டா எந்த வேக்குவமும் ஒண்ணும் பண்ண முடியாது.

பத்து நிமிசத்துல வேக்குவம் ஃபில்டர் அடைச்சுப் போச்சு. தட்டி தட்டி மாட்டுறேன், தட்டுறப்ப எம்புட்டு பறக்குதுன்னு கேக்காதீங்க. அதுக்குத்தான் நடுவுல ஒரு வாளி வைக்கிறது, காத்த வாளிக்குள்ள சுத்த விட்டா கனமான தூளு ஓரமா ஒதுங்கி கீழ விழுந்துரும், மீதி காத்து நடுவுல ஏறி வேக்குவத்துக்குப் போகும். கூம்பு மாதிரி சைக்ளோன் வெலைக்கு கெடைக்குது, நான் தியன் பேஃபிள்னு சொல்றாங்களே அத ப்ளைவுட்லயே செஞ்சேன். வட்டமா ஒரு தட்டு, அதோட ஓரத்துல மூணுல ரெண்டு பங்கு சுத்துக்கு மட்டும் ஒரு இஞ்ச் ஒரு நூல், அதாவது ஒண்ணே அரைக்கால் இஞ்ச் அகலத்துக்கு வெட்டி எடுத்துரணும், காத்து நுழையுற வாய்க்குக் கீழ வர்ற மீதி ஒரு பங்க வெட்டாம விடணும். அந்த வெட்டு வழியா தூளு கீழ எறங்கிரும், கீழ இருக்குறத சுத்துற காத்து மறுபடி கெளப்பாம தட்டு மறைச்சுக்கும். வாய்க்குழாய நேரா நடுவுக்கு விடாம ஓரத்த ஒட்டி விடணும், அப்பத்தான் காத்து சுத்தும்.

வாளிக்கு எடுத்தது பெயிண்டு வாளி. எல்லாம் மாட்டி ஆன் பண்ணி, நல்லா இழுக்குதான்னு பாக்க ஹோஸ் வாயில உள்ளங்கைய வச்சேன். டம்முன்னு ஒரு சத்தம், வாளி ஒரு பக்கம் அப்படியே உள்ள அமுங்கி, சப்பிப் போட்ட மாங்கொட்ட மாதிரி ஆயிருச்சு. மேல மூடியும் பிச்சுக்கிட்டு வந்துருச்சு. வேக்குவத்துக்கு இழுக்குற அழுத்தம் அம்புட்டு இருக்கு, வாய் அடைச்சா வாளியத்தான் தின்னும். அப்பறம் தடிமனான நீல பிளாஸ்டிக் பீப்பா, இரும்பு வளையம் போட்டு இறுக்குற மூடியோட, ஒண்ணு புடிச்சேன். அது அசையல. மூடி இடுக்குக்கும் சைக்கிள் ட்யூப்தான் வாஷர். காத்து ஒழுகுதான்னு பாக்குறதுக்கு ஒரு ஊதுபத்திய பொருத்தி ஒவ்வொரு ஜாயிண்ட் பக்கத்துலயும் காட்டுனேன், பொகை நேரா மேல போனா சரி, ஜாயிண்டுக்குள்ள வளைஞ்சு நுழைஞ்சா அங்க ஓட்ட. மூணு எடத்துல நுழைஞ்சுச்சு. பீப்பாவுல சின்ன ஒழுகல் இருந்தாக்கூட கீழ விழுந்த பொடிய மறுபடி கெளப்பி ஃபில்டருக்கே அனுப்பிரும், அதனால இந்த ஊதுபத்தி வேலைய விட்டுராதீங்க.

இப்ப பட்டறை கண்ணுக்கு சுத்தம். ஆனா டார்ச் அடிச்சா இன்னும் பொகை நெளியுது. என்னடா இதுன்னு, இஞ்சினியரிங் படிக்கிற என் அத்த மகன்கிட்ட சொல்லி ஒரு தூசி மீட்டர் செய்யச் சொன்னேன், பிளான்டவர் 5003ன்னு ஒரு சென்சாரு, உள்ள லேசர் விட்டு காத்துல இருக்குற பொடிய எண்ணுது, பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்குற பொடி, ஒரு கன மீட்டர் காத்துல எத்தன மைக்ரோகிராம்னு நம்பர் காட்டும். நம்ம நாட்டு அளவு ஒரு நாள் சராசரிக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 15. கடக்காத்து நல்லா அடிக்கிற நேரம் எங்க முத்தத்துல 20 காட்டுச்சு. சாண்டர அதோட சொந்தப் பையோட மட்டும் ஓட்டுனப்ப ரெண்டு நிமிசத்துல 999, அதுக்கு மேல அவன் எழுதி வச்ச ஸ்க்ரீன்ல எடமில்ல. நிறுத்தி ஒரு மணி நேரம் கழிச்சு கதவ சாத்தி வச்சிருந்ததுல 400. வேக்குவமும் பீப்பாவும் மாட்டி ஓட்டுனப்ப 300. ஒண்ணு சொல்லணும், இந்த சென்சாரு ஈரத்துக்கு ஏமாந்துரும். விடியக்காலம் பனியும் உப்பு ஈரமும் சேந்து இருக்கையில யாரும் ஒண்ணும் அறுக்காமயே 80, 90 காட்டும். ஈரத்துல பொடி ஊதி பெரிசாத் தெரியும், உப்பையும் தூசின்னு எண்ணிக்கும். அதனால நம்பர வேதவாக்கா எடுக்காம, வேலைக்கு முன்னாடி பின்னாடி எம்புட்டு வித்தியாசம்னு மட்டும் பாப்பேன்.

300 எங்கருந்து வருதுன்னா, வேக்குவத்தோட பின் பக்கத்துல இருந்து. பெரிய பொடிய பீப்பா புடிச்சுருது, நடுத்தரத்த ஃபில்டர் புடிச்சுருது, ரொம்பப் பொடிசு மட்டும் ரெண்டையும் தாண்டி பின்னால பீச்சிக்கிட்டு வருது. நல்ல ஹெப்பா ஃபில்டர்னா 0.3 மைக்ரான் பொடியிலயே 99.97 சதவீதம் புடிக்கணும், என் வேக்குவத்துல இருந்தது ஒரு துணியும் ஒரு ஸ்பாஞ்சும். ஹெப்பா வாங்குறதா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். அப்பத்தான் ஒண்ணு உறைச்சுச்சு. வீடியோவுல ஃபில்டர் ஃபில்டர்னு அடிச்சுக்கிறவங்க பூராம் குளிர் தேசத்துக்காரங்க, அவங்க காசு குடுத்து சூடு பண்ணுன காத்து வெளில போயிரக் கூடாதுன்னு அதையே வடிகட்டி வடிகட்டி உள்ள விடுறாங்க. எனக்கு என்ன வந்துச்சு, இங்க உள்ள இருக்குற காத்துல காப்பாத்துறதுக்கு என்ன இருக்கு, வேர்வையத் தவிர? வேக்குவத்தையே தூக்கி செவுத்துக்கு வெளில ஒரு பெட்டி அடிச்சு அதுக்குள்ள வச்சு, ஹோஸ மட்டும் செவுத்துல ஓட்டை போட்டு உள்ள விட்டேன். நம்பர் 70க்கு எறங்கிருச்சு. சத்தமும் பாதியாப் போச்சு, அது தனி சொகம்.

அடுத்தது சா. இங்கதான் ஒரு மாசத்த வீணாக்குனேன். மதுரையில செகண்ட் ஹேண்டுல தூளு உறிஞ்சுற 1 எச்பி ப்ளோவர், துணிப் பையோட, 8,500க்கு எடுத்தேன். வந்த ஜோருல அதோட 4 இஞ்ச் வாய ரெட்யூசர் மேல ரெட்யூசர் போட்டு சுருக்கி சாண்டர் ஹோஸுக்கு மாட்டுனேன், இம்புட்டு பெரிய மோட்டார் இல்லையா, பிச்சு எடுக்கும்னு. ஒண்ணுமே இழுக்கல. வேக்குவம் வேற ஜாதி, ப்ளோவர் வேற ஜாதி. வேக்குவத்துக்கு அழுத்தம் ஜாஸ்தி, காத்து கம்மி, சின்னக் குழா வழியா உறிஞ்சும். ப்ளோவருக்கு காத்து எக்கச்சக்கம், அழுத்தம் கம்மி, வாயச் சுருக்குனா செத்துரும். கைமிசினுக்கு வேக்குவம், மேசை மிசினுக்கு ப்ளோவர், இத மட்டும் முதல்லயே யாராச்சும் சொல்லியிருந்தா எனக்கு மூவாயிரம் ரூவா ரெட்யூசர் மிச்சம்.

பைப்பு 110 எம்எம் பிவிசி, வீட்டு கழிவுக்குப் போடுறதுதான். தூளு கீழ படியாம ஓடணும்னா குழாய்க்குள்ள நொடிக்கு 20 மீட்டர் வேகம் வேணும், இந்த அளவு பைப்புல அது நிமிசத்துக்கு சுமாரா 350 கன அடி காத்து. வளைவுக்கு 90 டிகிரி எல்போ போடாம ரெண்டு 45 டிகிரி பெண்டு சேத்துப் போட்டேன், காத்து முட்டி நிக்காம திரும்பும். பிவிசியில நிலைமின்சாரம் வரும், செம்புக் கம்பி சுத்தி எர்த் பண்ணணும்னு நெறைய படிச்சேன், எங்க ஊரு ஈரத்துல அது அம்புட்டாத் தெரியல, கையில ஒரு தடவகூட சுருக்குன்னு அடிச்சதில்ல, ஆனாலும் ப்ளோவர் பாடிய மட்டும் ஒழுங்கா எர்த் பண்ணிட்டேன், அது எப்படியும் செய்ய வேண்டியது.

குழா வாய எங்க வைக்கிறதுங்கறதுதான் பாதி வேல. வெளக்க ஒரு முழம் தள்ளி நின்னு ஊதி அணைச்சிரலாம், அதே தூரத்துல நின்னு மூச்ச உறிஞ்சி அணைக்க முடியுமான்னு பாருங்க. ஊதுற காத்து தூரம் போகும், உறிஞ்சுற காத்து வாய்க்கிட்ட மட்டும்தான். 4 இஞ்ச் குழாய்க்கு 4 இஞ்ச் தள்ளிப் போனாலே வேகம் பத்துல ஒரு பங்கா விழுந்துரும். நான் முதல்ல குழாய மேசை மேல ஒரு ஓரமா கட்டி விட்டுட்டு இழுக்கலையே இழுக்கலையேன்னு ப்ளோவர திட்டிக்கிட்டு இருந்தேன். பொடி பொறக்குற எடத்துலயே வாய கொண்டு போய் வைக்கணும். சாவுக்குக் கீழ நாலு பக்கமும் ப்ளைவுட்ல அடைச்சு, அடிய சரிவா இறக்கி, சரிவு முடியுற எடத்துல 110 பைப்பு. மேல ப்ளேட மூடுற மாதிரி அக்ரிலிக்ல ஒரு குல்லா, அதுக்கு வேக்குவத்துல இருந்து ஒரு கிளை. கீழ மட்டும் போட்டப்ப மேல பல்லு வீசுற பொடி மூஞ்சிலயே வந்து அடிச்சுச்சு, குல்லா போட்டப்பறம்தான் நின்னுச்சு.

ப்ளோவரோட வந்த துணிப்பை இருக்கே, அது ஒரு பெரிய பொடி தெளிப்பான். ஆன் பண்ணுன ஒடனே பை உப்பும்போது வெளிச்சத்துல பாத்தா பை முழுக்க பொகை விடும். பழசாகி உள் பக்கம் பொடி அப்புனா கொஞ்சம் நல்லா வடிகட்டும், ஆனா அப்ப காத்து போகாது. கழட்டி எறிஞ்சுட்டு ப்ளோவரோட வாயையும் வெளில விட்டேன். ப்ளோவருக்கு முன்னாடி ஒரு பேஃபிள் வச்ச ட்ரம்மு, அதுலயே தூளு பெரும்பங்கு விழுந்துரும், மீதி பொடி மட்டும் வெளில.

விட்டது கிழக்குப் பக்கம், ஏன்னா ப்ளோவர் அந்த மூலையில இருந்துச்சு. ஆடி மாசம், கச்சான், அதான் தென்மேக்குக் காத்து, வெளுத்துக் கட்டுது. கிழக்க மதினி வீடு, முத்தத்துல வலைய விரிச்சு காரப்பொடி மீனு கருவாடு காயப் போட்டிருக்காங்க. நான் உள்ள மும்மரமா தேக்கு அறுத்துக்கிட்டு இருக்கேன். ஒரு மணி நேரம் கழிச்சு மதினி ஒரு கருவாட்ட வாலப் புடிச்சுத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. "ஏன் தம்பி, இதுக்கு நான் மொளகாப்பொடி தடவுறதா, இல்ல நீங்களே எல்லாம் தடவிட்டீங்களா?" எனக்கு நாக்கு பொரளல. அன்னைக்குக் காஞ்ச மீனுக்கு என்ன காசோ குடுத்துர்றேன் மதினின்னா வாங்க மாட்டேங்குறாங்க, ஒரு ஸ்டூலு செஞ்சு குடுத்து சரி பண்ணுனேன்.

அப்பறம்தான் எங்க கரைக்கு ஏத்த மாதிரி யோசிச்சேன். வடக்க சீமக்கருவ காடு, தெக்க பனங்காடு, ரெண்டு பக்கமும் ஆளு இல்ல. ப்ளோவர் வாயில ரெண்டா பிரியிற ஒய் ஜாயிண்டு ஒண்ணு போட்டு, வடக்க ஒரு குழா தெக்க ஒரு குழா, ரெண்டையும் கூரைக்கு மேல தூக்கி விட்டுட்டேன். எந்தக் குழா ஓடணுமோ அதத் தொறந்து இன்னொண்ண சாத்துறதுக்கு ப்ளைவுட் பள்ளத்துல ஓடுற ஒரு தகடு. கச்சான் காலத்துல தெக்கு ஜன்னல் தொறப்பு, வடக்குக் குழா ஓட்டம். வாடைக்கு நேர் மாறா. குழா வாய காத்துக்கு எதிரா வச்சா காத்து உள்ள ஊதி ப்ளோவரோட மல்லுக்கட்டும், போன பொடி ஜன்னல் வழியா திரும்பி வரும், ஒரு நா மறந்துபோய் செஞ்சு பாத்துட்டேன். இன்னொரு பக்கம் ஜன்னல் தொறக்குறது ஒப்புக்கு இல்லீங்க, நிமிசத்துக்கு 350 கன அடி வெளில தள்ளுறோம்னா அதே அளவு உள்ள வந்தாகணும், எல்லாத்தையும் சாத்திட்டு ஓட்டுனா ப்ளோவர் கெடந்து மூச்சுத் திணறும். என் கொட்டகை மொத்தமே 1,080 கன அடிதான், ஆக மூணு நிமிசத்துக்கு ஒரு தடவ மொத்தக் காத்தும் மாறிருது. சாவுல அரை மணி நேரம் அறுத்து முடிச்சு மீட்டர் பாத்தா 45.

நடுவுல ஒரு பயங்கரம். பழைய வள்ளம் ஒடைச்ச பலகை ஒண்ணு சும்மா கெடைச்சுச்சு, வைரம் பாஞ்ச மரம். அறுக்குறப்ப உள்ள செத்துக் கெடந்த ஒரு ஆணியில ப்ளேடு பட்டு சர்ருன்னு பொறி. நிறுத்தி ப்ளேடப் பாத்தேன், ரெண்டு பல்லு போச்சு, வருத்தத்தோட டீ குடிக்கப் போயிட்டேன். இருபது நிமிசம் கழிச்சு வந்தா ஈர வெறகு அடுப்புல பொகையிற மாதிரி ஒரு வாசம். தேடிக்கிட்டே போனா ப்ளோவர் ட்ரம்மு. அப்ப அதுவும் பிளாஸ்டிக். மூடியத் தொறந்தேன், தூளுக்கு நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு கருப்பா ஒரு வட்டம், காத்து பட்ட ஒடனே ஓரம் செவக்குது. அப்படியே உருட்டிக்கிட்டுப் போய் மணல்ல கொட்டி ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனேன். நான் டீக்கடையில இன்னும் அரை மணி நேரம் அரசியல் பேசியிருந்தா கொட்டகை இருந்திருக்காது.

அன்னையில இருந்து ட்ரம்மு மாறிருச்சு, அரிசி கொட்டி வைக்கிற தகர ட்ரம்மு, அது செவுத்துக்கு வெளில இருக்கு. ப்ளோவரோட அழுத்தத்துக்கு தகரம் அமுங்காது. வேல முடிஞ்ச அன்னைக்கே கொட்டிருவேன், ராத்திரிக்கு வச்சுக்கிறதில்ல. பழைய பலகை எது வந்தாலும் ஒடஞ்ச ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தத்த ரெண்டு பக்கமும் ஓட்டிப் பாத்துட்டுத்தான் சாவுக்கே கொண்டு போறது. ஆளி எண்ணெய் தொடைச்ச துணியும் அதே மாதிரிதான், சுருட்டி மூலையில போட்டா தானாவே சூடேறி பத்திக்கும், கொடியில விரிச்சுப் போட்டுக் காயவிடணும். படகுப் பலகையில பெயிண்டு இருந்தா சாண்டர் வைக்கவே கூடாது, அடிப்பக்கம் பாசி புடிக்காம இருக்க அடிக்கிற பெயிண்டுல செம்பு கலந்திருக்கும், பழைய பெயிண்டுல ஈயமும் இருக்கலாம். பைபர் ஒட்டுன பலகைய நான் இனாமா குடுத்தாலும் வாங்குறதில்ல, கண்ணாடி நார் பொடி யாருக்கு வேணும்.

மாஸ்க் இன்னும் போடுறேன். அதுவும் என்95, தலைக்குப் பின்னாடி ரெண்டு வாரு போடுறது, காதுல மாட்டுறது இல்ல. மெடிக்கல்ல விக்கிற நீல மாஸ்க்கும், ஈரத் துண்டு கட்டுறதும் இந்தப் பொடிக்கு ஒண்ணும் பண்ணாது, ஓரத்துல எல்லாம் காத்து நுழையும். தாடி வச்சிருந்தாலும் அதே கததான், நான் வெள்ளிக்கிழம ராத்திரியே வழிச்சுர்றேன். சித்திரை வெயில்ல சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழ மாஸ்க் போட்டா வேர்வை உள்ளயே ஓடும், அதுக்கு வழி தெரியல, காலையில ஆறு மணிக்கே சாண்டர் வேலைய முடிச்சுர்றது மட்டும்தான் நான் செய்றது. நிறுத்துன ஒடனே மாஸ்க்க கழட்டுறதில்ல, ப்ளோவர இன்னும் கால் மணி நேரம் ஓட விட்டுட்டு வெளில வந்து கழட்டுவேன். வெளக்கமாத்த பட்டறைய விட்டே தொரத்தியாச்சு, கூட்டுனா படிஞ்சது எல்லாம் எந்திரிக்கும். ப்ளோவர் கன்ன வச்சு ஊதி சுத்தம் பண்றவங்கள பாத்தா இப்ப எனக்கு வயித்தக் கலக்குது. ஈரத்துணி, வேக்குவம், அம்புட்டுத்தான்.

துருவச் சொல்லாம விட முடியாது. துரு ஆராய்ச்சிக்குன்னே காரைக்குடி சிக்ரிக்காரங்க, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, மண்டபத்துல எடம் புடிச்சு வச்சிருக்காங்கன்னா இந்தக் காத்தோட லட்சணத்த நீங்களே பாத்துக்கங்க. ப்ளோவர் விசிறி நாலு மாசத்துல செதில் செதிலா உரிய ஆரம்பிச்சுச்சு, கழட்டி தேச்சு ரெட் ஆக்ஸைடு ரெண்டு கை, அதுக்கு மேல எபாக்ஸி பெயிண்டு. நட்டு போல்டு பூரா ஸ்டெய்ன்லெஸ். மரப்பொடி உப்பு ஈரத்த இழுத்துக்கிட்டு இரும்பு மேல உக்காந்தா ஒரே வாரத்துல துருதான், தூசி போனதுல என் உளி இழைப்புளியெல்லாம் கொஞ்சம் நல்லா இருக்குறது நான் எதிர்பாக்காத லாபம்.

செலவு, ப்ளோவர் 8,500, பைப்பு பெண்டு 2,800, தகர ட்ரம்மு 1,400, சென்சாரு 1,900, சில்லறை 1,100, ஆக 15,700. வீணாப்போன ரெட்யூசர இதுல சேக்கல, அது வீட்டுக்குத் தெரியாது.

ட்ரிம்மரும் ஜிக்சாவும் இன்னும் சரியாகல. ட்ரிம்மருக்கு ஒரு பிளாஸ்டிக் வாய் வந்துச்சு, பாதிதான் புடிக்குது, மீதி சட்டையில. ஜிக்சாவுக்கு வாயே கெடையாது, வேக்குவம் ஹோஸ பக்கத்துல க்ளாம்பு போட்டு வச்சுக்கிட்டு ஓட்டுறேன், மீட்டர் 150 வரைக்கும் போகுது. ஐப்பசி பொறந்துருச்சு, காலையில மொத வாடை அடிச்சுச்சு, இந்த சனிக்கிழம தகட்ட மாத்தி தெக்குக் குழாய தொறக்கணும், தொறக்குறதுக்கு முன்னாடி அதுக்குள்ள அணில் கூடு கட்டியிருக்கான்னு பாக்கணும்.